ஏழாலையில் இருவர் ஓடும் கார்

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்கி வெளியே வந்த பத்தாவது நிமிடம் எனக்குச் சம்பந்தி மேல் கோபம் வந்துவிட்டது. காரின் முன்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்திருந்தேன். அவர் பதறிப்போய், "சம்மந்தி, நீங்கள் பின்னுக்கு இருங்கோவன்" என்றார். அவர் மனைவி கையில் ஒரு சின்ன மெத்தையோடு நான் இறங்குவதற்காகக் காத்து நின்றார்.

எங்கள் பாளையங்கோட்டையில் சம்பந்தி வந்தால் முன்சீட்டில்தான் உட்கார வைப்போம். பொண்டாட்டி பிள்ளைகள் பின்னால் நெருக்கிக்கொண்டு வருவார்கள். இங்கே கடல் தாண்டி வந்த ஆளைப் பின்னால் தள்ளிவிட்டு, வீட்டம்மா மெத்தையைப் போட்டு முன்னால் ஏறுகிறார். ஊருக்கு ஊர் வழக்கம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தேன். வந்த காரியம் அப்படி.

என் மகள் மீனா லண்டனில் இருக்கிறாள். அவள் கணவன் சுதன் ஏழாலைக்காரன். மீனாவுக்கு இப்போது ஏழாம் மாதம். என் மனைவி சரோஜா போய் ஆறு வருடம் ஆகிறது. பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க மீனாவுக்கு மிச்சமிருக்கும் ஒரே அம்மா, மாமியார் யோகம்தான். அவரோ, "அவரை விட்டிட்டு எப்பிடிப் பிள்ளை வாறது?" என்று போனில் இழுத்துக்கொண்டே இருந்தார். சம்பந்தி தர்மலிங்கம் நாலு வருடத்துக்கு முன் கிணற்றுக்கட்டில் வழுக்கி விழுந்து இடது தோள்பட்டையை நொறுக்கிக்கொண்டவர். கை மடியை விட்டு அதிகம் எழும்பாது. அவருக்கு ஓர் ஆட்டோமேட்டிக் கார் வாங்கிக் கொடுத்துவிட்டால் யோகம் தைரியமாக லண்டன் வருவார் என்பது பிள்ளைகளின் கணக்கு. அவர் வேண்டாம் என்கிறார். "அப்பா, நீங்கதான் இதில் எக்ஸ்பர்ட். போய்ப் பேசி ஒரு காரைப் பார்த்து முடிச்சுக் குடுத்துட்டு வாங்க" என்றாள் மீனா.

எக்ஸ்பர்ட் என்பது உண்மைதான். முப்பது வருடம் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தவன். எட்டுப் போட வைத்தே பாதி ஜில்லாவை அழவைத்தவன். ஆனால் மீனா ஒன்றை மறந்துவிட்டாள். கிளச் இல்லாத காரை நான் கார் என்று ஒத்துக்கொண்டதே இல்லை. அவள் லண்டனில் ஆட்டோமேட்டிக் லைசென்ஸ் எடுத்தபோது, "பாதி லைசென்ஸ்தானே, பாதி வாழ்த்துச் சொல்லிக்கிறேன்" என்று சொன்ன மகராசன் நான்.

கார் கிளம்பியது. இருபது வயதான வெள்ளைக் கார், சாதாரண கியர். முதல் திருப்பத்தில் தற்செயலாக முன்னால் பார்த்தேன். சம்பந்தியின் வலது கை ஸ்டியரிங்கில் இருந்தது, இடது கை மடியில் கிடந்தது. கியர் மேல் இருந்த கையில் இரண்டு வளையல்கள் இருந்தன.

யோகம் ரோட்டைப் பார்க்கவில்லை. கணவரின் இடது முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் இறங்கும், வளையல் குலுங்கும், கியர் விழும். ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு பேச்சும் கிடையாது. நாய் குறுக்கே ஓடியது. பிரேக் பிடித்தார். மூன்றிலிருந்து இரண்டுக்கு அந்தக் கை வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வந்தது. எனக்குக் கீழ் வேலை பார்த்த டிரைவர்களில் பாதிப் பேர் அப்படி இறக்கமாட்டார்கள்.

"இது ரொம்ப ஆபத்துல்லா சம்பந்தி?" என்றேன்.

"அவ கியர். நான் மற்றதெல்லாம்" என்றார் அவர். யோகம் திரும்பாமலே, "பிள்ளையளிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

"ஒண்ணா ரெண்டான்னு எப்படித் தெரியும்?"

"சத்தத்திலை தெரியும். முதல் ஒரு மாசம் சண்டை. பேந்து பழகியிட்டுது" என்றார் யோகம்.

நேரான ரோடு வந்தது. நாலாம் கியர் விழுந்தது. அதன் பிறகும் யோகம் கையை எடுக்கவில்லை, கியர் மேலேயே வைத்திருந்தார். "கியர் போட்டா கையை எடு" என்று முப்பது வருடம் கத்திய தொண்டை எனக்கு அரித்தது. விருந்தாளி என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று இரவுச் சாப்பாடு புட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும். எங்கள் ஊரில் புட்டு என்றால் சர்க்கரை, வாழைப்பழம் என்று குழந்தைக்குக் கொடுப்பதுபோலக் கொடுப்பார்கள். இங்கே அதை ஆளுக்குரிய சாப்பாடாக மதிக்கிறார்கள். கடைசியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒன்றை வெட்டி வைத்தார் யோகம். கோபம் அதோடு போயிற்று. எனக்கு வருகிற கோபம் எல்லாம் இவ்வளவுதான், சரோஜா அடிக்கடி சொல்வாள்.

இரண்டாம் நாள் காலையில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் சந்தைக்குப் போனோம். திருநெல்வேலிக்காரன் திருநெல்வேலிக்குப் போகிறேன் என்று நான் செய்த நகைச்சுவைக்கு இருவரும் மரியாதையாகச் சிரித்தார்கள். இதை இதற்கு முன் எத்தனை பேர் சொல்லியிருப்பார்களோ.

டிக்கியில் அவர்கள் தோட்டத்துச் சின்ன வெங்காயம் நாலு மூட்டை. செம்மண் ஒட்டிய வெங்காயம், அளவில் நம் ஊர் வெங்காயம்தான், காரம் மட்டும் கண்ணைக் கரித்தது. சந்தையில் கார் நுழைந்ததும் கீரை விற்கும் ஓர் அம்மா, "தர்மண்ணை, உங்கடை கண்டக்டர் அக்கா இண்டைக்கும் டிக்கெட் தரேல்லையோ?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். யோகமும் சிரித்தார். ஊர் முழுக்கத் தெரியும். லண்டனுக்கு மட்டும்தான் தெரியாது.

அங்கே ஒரு கடையில் பிளேன்டீ குடிக்கும்போது என் வேலையை ஆரம்பித்தேன். எனக்கு நம்பிக்கையில்லாத ஒரு பொருளை எவ்வளவு நன்றாக விற்றேன் என்பது எனக்கே ஆச்சரியம். "கால் வலிக்காது. டிராபிக்கில் நிம்மதி. ஒரு கையே போதும். இப்ப வர்ற ஆட்டோமேட்டிக்கு எல்லாம் பெட்ரோலும் ரொம்பக் குடிக்கிறதில்லை." சம்பந்தி எல்லாவற்றுக்கும் "ஓம் ஓம்" என்றார். மகிழ்ந்துபோனேன். கடைசியில், "வேண்டாம் சம்மந்தி" என்றார். இந்த ஊரில் ஓம் என்றால் ஆமாம் என்று எனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் அதே ஓம்தான் என்பது அன்றுதான் தெரிந்தது.

"அப்போ மீனாவுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். யோகம் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டே, "அதுதான் எனக்கும் நித்திரை இல்லை" என்றார்.

திரும்பும் வழியில் பின்சீட்டில் உட்கார்ந்து அந்த வளையல் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். சரோஜா ஒரு தடவை கேட்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில், நாங்குநேரி ரோட்டில், ரோடு காலியாகக் கிடந்தது. "நீங்க கிளச்சை மிதிங்க, நான் ஒரு தடவை கியர் போட்டுப் பார்க்கவா?" என்றாள். "இதென்ன விளையாட்டுச் சாமானா?" என்றேன். அதற்குப் பிறகு முப்பத்தோரு வருடம் என் இடது பக்கம் உட்கார்ந்து வந்தாள். இரண்டாம் தடவை கேட்கவே இல்லை. அதை நினைத்தபோது எனக்குத் தாங்கவில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கீரிமலை. கடலுக்கு ஒரு சுவர் தள்ளி நல்ல தண்ணீர்க் கேணி. சுவருக்கு அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் இளநீர் மாதிரித் தண்ணீர். குற்றாலத்தில் குளித்து வளர்ந்தவன் எவனும் தண்ணீர் விஷயத்தில் லேசில் பிறத்தியாரைப் புகழமாட்டான். நான் புகழ்ந்தேன். ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்குத் தனிக் கேணி. யோகம் அந்தப் பக்கம் போனார், நாங்கள் இருவரும் இந்தப் பக்கம் இறங்கினோம்.

கழுத்தளவு தண்ணீரில் அவருடைய இடது கை தானாகவே மேலே மிதந்து வந்தது. தரையில் எழும்பாத கை. அதைப் பார்த்துக்கொண்டே, கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"சம்மந்தி, முப்பது வருஷம் நான் தனியத்தான் கார் ஓடினனான். சந்தைக்கும் தனிய, கொழும்புக்கும் தனிய. அவ வீட்டிலை. எங்கை போறியள் எண்டும் கேக்கமாட்டா, வரட்டோ எண்டும் கேக்கமாட்டா. நானும் வாரும் எண்டு கூப்பிட்டதில்லை. கை முறிஞ்ச பிறகுதான் என்ரை பக்கத்திலை வந்து இருந்தவ. இந்த நாலு வருஷத்திலை கதைச்ச கதை, முந்தின முப்பது வருஷத்திலை கதைக்கேல்லை."

மிதந்த கையை வலது கையால் பிடித்து இறக்கிக்கொண்டார்.

"ஓட்டோ கார் வந்தா அவவுக்குக் காரிலை என்ன வேலை? லண்டனாலை திரும்பி வந்தாலும் பேந்து வீட்டோடை நிண்டிடுவா. மருமகளுக்குத் தாய் இல்லை, எனக்கு விளங்குது. ஆனா எனக்கு இதுதான் பயம்."

இது ஒரு மனுஷன் என்னை நம்பிச் சொன்னது. மனதோடு வைத்திருக்க வேண்டியது. எனக்கோ ரகசியம் என்றால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. பக்கத்து நகுலேஸ்வரம் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கார் கிளம்பி, இரண்டாம் கியர் விழுந்திருக்கும். பின்னாலிருந்து போட்டு உடைத்துவிட்டேன். "கார் பிடிக்காம இல்லைம்மா. ஆட்டோமேட்டிக் வந்தா நீங்க பக்கத்தில உட்கார மாட்டீங்கன்னு பயப்படுதாரு."

சம்பந்தியின் கழுத்து பின்னாலிருந்தே சிவந்து தெரிந்தது. வேகம் கூடியது. மூன்று போட வேண்டிய இடம் வந்தது, அவர் முழங்கால் இறங்கியது. கை வரவில்லை. யோகம் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார். எஞ்சின் இரண்டிலேயே கத்தியது. மறுபடியும் முழங்கால் இறங்கியது. வளையல் அசையவில்லை. பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது.

"இஞ்சாருங்கோ" என்றார் யோகம். "கியர் போடத்தானோ நான் உங்களோடை வாறன் எண்டு நினைச்சனியள்?"

அவர் ரோட்டைப் பார்த்தபடி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார்.

"கியர் போட ஆரையும் கூலிக்குப் பிடிக்கலாம். நீங்கள் ஒருநாளும் கூப்பிடேல்லை. அதுதான் நான் வரேல்லை."

அப்புறம்தான் கை போய் மூன்றைப் போட்டது. கொஞ்ச தூரம் போனதும் சம்பந்தி, எனக்குக் கேட்கட்டும் என்றோ கேட்கக் கூடாது என்றோ தெரியாத ஒரு குரலில், "நீர் வாரும். எங்கை போனாலும் வாரும்" என்றார். எங்கள் ஊரில் ஆம்பிளைகள்தான் ஒருவரையொருவர் நீர் என்போம். இங்கே புருஷன் பெண்டாட்டியை அப்படிக் கூப்பிடுகிறான். கேட்கக் கேட்க எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று.

வீடு வந்து காரை நிறுத்தும்போது, "பருத்தித்துறையிலை ஒரு ரீச்சர் தன்ரை ஓட்டோ காரை விக்கிறா எண்டு கேள்வி. நாளைக்குப் பாப்பம்" என்றார் சம்பந்தி.

நாலாம் நாள் பருத்தித்துறை. ரீச்சர் என்றால் நம் ஊர் டீச்சர்தான், ஓய்வு பெற்றவர், கண் மங்கிவிட்டதால் காரை விற்கிறார். பிள்ளையைக் கட்டிக்கொடுப்பதுபோல எங்கள் மூவரையும் உட்காரவைத்து விசாரித்தார். காரைத் துடைப்பீர்களா, நிழலில் விடுவீர்களா, வெயிலில் மீன் கூடை ஏற்றுவீர்களா? வெங்காயம் மட்டும்தான் என்றதும் சாவியைக் கொடுத்தார்.

யோகம் தன் மெத்தையை எடுத்து வந்து புதுக் காரின் இடது சீட்டில் போட்டார். கியரைப் பார்த்து முகம் சுளித்தார். "இதிலை ஒண்டு ரெண்டு எங்கை?"

"அது தானாப் போட்டுக்கும்மா" என்றேன்.

"தானா எண்டா ஆர்?"

முப்பது வருட அனுபவத்தை மூட்டை கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினேன்.

கடற்கரை ரோட்டில் கிளம்பினோம். ஒரு பக்கம் படகுகள், வலை உலர்த்தும் ஆட்கள். என் மடியில் பருத்தித்துறைத் தட்டைவடைப் பொட்டலம் திறந்திருந்தது. மெல்லியது, மொறுமொறுப்பு, மிளகாயும் பெருஞ்சீரகமும் தூக்கலாக இருந்தன. எங்கள் ஊர்த் தட்டை இதன் பக்கத்தில் நிற்காது. வண்டி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இதுவும் கார்தான்போல என்று நான் நினைக்கத் தொடங்கிய நேரம், வேகம் கூடி எஞ்சின் சத்தம் மாறியது. முப்பத்துநாலு வருடப் பழக்கம், சம்பந்தியின் இடது கால் கிளச்சைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே கிளச் இல்லை. அகலமான பிரேக்தான் இருந்தது. கார் குலுங்கி நின்றது. அவர் முழங்கால் இறங்கியதைப் பார்த்த யோகத்தின் கை, அதுவும் பழக்கம், கியரைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளியது. அது நியூட்ரலுக்குப் போனது. பதறிய சம்பந்தி ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சின் ஓவென்று கத்தியது, கார் இருந்த இடத்திலேயே இருந்தது. என் வடையெல்லாம் முன்சீட்டுக்குப் பறந்துவிட்டது.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணை, காருக்குப் பேய் பிடிச்சிட்டுதோ?"

"இல்லைத் தம்பி. ரெண்டு பேர் ஓடுறம்" என்றார் யோகம், தலைமுடியிலிருந்து வடையை எடுத்துக்கொண்டே. சம்பந்தி சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உடம்பு குலுங்க, அந்த முறிந்த தோளும் குலுங்கச் சிரித்தார். யோகம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதற்கு மேல் என் தொழிலைக் காட்டினேன். "சம்பந்தி, இடது காலை மடக்கி சீட்டுக்கு அடியில வைங்க. அது இன்னைக்கு லீவு. அம்மா, உங்க கையும் லீவு." யோகம் தன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு திருப்பத்திலும் யோகத்தின் தோள் ஒரு தடவை அசைந்து அடங்கியது. பழைய காரை ரீச்சர் வீட்டு முற்றத்தில் விட்டுவிட்டு, "ரெண்டு நாள் ஓடிப் பாத்திட்டுச் சொல்லுங்கோ" என்ற அவர் பேச்சை ஏற்று, புதுக் காரிலேயே ஏழாலைக்குத் திரும்பினோம்.

வந்ததும் யோகம் மீனாவுக்குப் போன் போட்டார். "ஓம் பிள்ளை, வாறன். ஆடிக் கடைசியிலை வாறன். நீ ஒண்டுக்கும் யோசியாதை" என்றார். அந்தப் பக்கம் என் மகள் அழுவது கேட்டது. சரோஜா இருந்திருந்தால் அவளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள், யோசிக்காதே என்று. யோகத்தின் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது. அதற்கெல்லாம் நமக்குப் பழக்கம் ஏது. சாப்பிட உட்கார்ந்தபோது, இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் சொதி வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

ஐந்தாம் நாள் நான் கிளம்ப வேண்டும். யோகம் முற்றத்தில் நின்று, "நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. அவர் தனிய ஓடிப் பழகட்டும். நான் இல்லாத நேரம் பழகிறதிலும் இப்ப பழகிறது நல்லது" என்றார். என் பையில் வடையும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் இருந்தன. மீனாவுக்கு என்று ஒன்றுமில்லை, அதை யோகமே கொண்டுபோகிறார்.

சம்பந்தி வலது கையை எட்டி நீட்டிக் கியரைத் தானே போட்டுக்கொண்டார். "இண்டைக்கு முன்னுக்கு வாங்கோ சம்மந்தி" என்றார். முதல் நாள் என்னைப் பின்னால் அனுப்பியதை அவரும் மறக்கவில்லை. முன்கதவைத் திறந்தேன். சீட்டில் அந்தச் சின்ன மெத்தை இருந்தது, நடுவில் பள்ளம் விழுந்து. கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். காரை எடுத்தார்.

வீட்டுச் சந்து முடிந்து ரோட்டில் ஏறினோம். இடது கால் சொன்னபடி மடங்கியே இருந்தது. நல்ல பிள்ளையாக ஓட்டினார். நான் தேர்வு வைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட்டிருப்பேன்.

புன்னாலைக்கட்டுவன் சந்தியில் வேகம் குறைந்தது. "இதிலை அவ ரெண்டு போடுவா" என்றார்.

சந்தி தாண்டியது. "மூண்டு."

பிறகு இரண்டு பக்கமும் தோட்டம், நேரான ரோடு. கார் தானாகவே எதையோ போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் போனது. அவர் இடது பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இதிலை நாலு. நாலு போட்டா அவ கையை எடுக்கிறேல்லை சம்மந்தி. அதிலையே வைச்சிருப்பா."

கியர் போட்டா கையை எடு என்று முப்பது வருடம் கத்தியவன், பின்சீட்டிலிருந்து "ஓம்" என்றேன்.